சேதாரம் போக...

போன மாதம் மனைவியோடு ஒரு நகைக் கடைக்குப் போயிருந்தேன். பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கும் வைபவம். லாக்கரில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்ததை எல்லாம் ஒரு சுருக்குப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். அறுந்த செயின், ஜோடியைத் தொலைத்த ஜிமிக்கி, என்றைக்கோ குழந்தைக்குப் போட்ட மோதிரம், ஒரு ஜோடி சிவப்புக் கல் தோடு.

கவுன்ட்டரில் இருந்த தம்பி ரொம்ப மரியாதையானவர். "கல்லு வெயிட்டைக் கழிச்சிருவோம் சார். உள்ளே அரக்கு இருக்கும், அதுவும் போயிடும். மெஷின்ல வெச்சா டச் தெரிஞ்சிடும். மிச்சம் இருக்கிறதுதான் தங்கம்" என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. எந்தக் கடையிலும் இதுதான் முறை. எத்தனை கிராம் என்று கேட்பார்கள். யார் காதில் இருந்தது என்று கேட்க மாட்டார்கள். நம் வீடுகளும் அப்படித்தான். பாட்டியின் காசு மாலையை அழித்து அம்மாவுக்கு ரெட்டை வடம், அதை அழித்து மகளுக்கு நெக்லஸ். 'அழித்துப் பண்ணினோம்' என்று பெருமையாகவே சொல்வோம். தங்கம் அப்படியே இருக்கும். பாட்டிதான் உருகிப் போயிருப்பார்.

தம்பி தோடுகளைக் கையில் எடுத்தார். திருகாணியைக் கழற்றப் போனார்.

"அது மட்டும் வேண்டாம் தம்பி" என்றேன்.

மனைவி திரும்பிப் பார்த்தார். "ஏன்? உங்க பெரிய அத்தை தோடுதானே? நாம யாரும் போடப் போறதில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அத்தையோடதுதான். ஆனா அத்தை கையால என்கிட்ட வரலை."

பன்னிரண்டு வருஷமாக வீட்டில் யாரிடமும் சொல்லாத விஷயம். நகைக் கடை கவுன்ட்டரில், டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது?

★

அடியேன் பி.காம். காலேஜில் பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்ஸில் 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் சொல்லிக் கொடுத்தார்கள். கடையின் மேஜை, நாற்காலி, சரக்கு எல்லாவற்றையும் கூட்டிப் போட்டால் ஒரு தொகை வரும். ஆனால், வாங்க வருகிறவர் அதைவிட அதிகம் தருவார். எதற்கு? அந்தக் கடையின் பெயருக்கு. கண்ணுக்குத் தெரியாத சொத்து.

இதில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. நீங்களாகவே உழைத்துச் சம்பாதித்த குட்வில்லை உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் காட்டக் கூடாது. யாராவது விலை கொடுத்து வாங்கினால்தான் அது கணக்குப் புத்தகத்துக்குள் வரும். அதுவரை எத்தனை பெரிய பெயராக இருந்தாலும், கணக்குப்படி பூஜ்யம்.

அன்றைக்குக் கடையிலிருந்து திரும்பும்போது எனக்கு லண்டனில் நடந்த ஒரு ஏலம்தான் ஞாபகம் வந்தது. குயீன் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இயற்பெயர் ஃபரூக் பல்சாரா. பார்சி. சான்சிபாரில் பிறந்து, மகாராஷ்டிராவில் பஞ்ச்கனியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த பையன். 1991 நவம்பரில், தனக்கு எய்ட்ஸ் என்று அறிவித்த மறுநாளே இறந்துபோனார். வயது 45.

அவருடைய வீட்டுப் பொருட்களை 2023 செப்டம்பரில் சோத்பி நிறுவனம் ஏலம் விட்டது. அதில் ஒரு வெள்ளிக் காப்பு. பாம்பு சுருண்டிருப்பதுபோல இருக்கும். 'பொஹிமியன் ராப்சொடி' பாட்டின் வீடியோவில் அவர் கையில் இருந்தது. அதிகபட்சம் 9 ஆயிரம் பவுண்டு போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போன விலை 6 லட்சத்து 98 ஆயிரத்து 500 பவுண்டு. நம் கணக்கில் 7 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு வெள்ளிக் காப்புக்கு!

இன்னொன்று, கறுப்பு ஓனிக்ஸ் கல்லும் வைரமும் வைத்த கார்ட்டியே மோதிரம். நண்பர் எல்டன் ஜான் பரிசாகக் கொடுத்தது. மதிப்பீடு சில ஆயிரம் பவுண்டு, விற்றது 2 லட்சத்து 73 ஆயிரத்துக்கு. அந்தப் பணம் எல்டன் ஜான் நடத்தும் எய்ட்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. தன்னைப் போன்ற ஒருவருக்குக் கொடுத்த மோதிரம், அவர் போய் 32 வருஷம் கழித்து, அவரைக் கொன்ற நோயோடு போராட அதே நண்பரிடமே திரும்பி வந்திருக்கிறது.

கல் வெயிட்டைக் கழித்து, சேதாரத்தைக் கழித்து மிச்சம் என்ன என்று கேட்டால், இதுதான் மிச்சம்.

★

இந்தப் பழக்கத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1987 ஏப்ரலில் ஜெனிவா ஏரிக்கரையில் வின்ட்சர் சீமாட்டியின் நகைகள் ஏலத்துக்கு வந்தன. யாருக்காக எட்டாம் எட்வர்ட் இங்கிலாந்தின் சிம்மாசனத்தையே வேண்டாம் என்று விட்டாரோ, அந்த அம்மாள். அவர் தன் சொத்தின் பெரும்பகுதியைப் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். 1983-ல் எய்ட்ஸ் கிருமியைக் கண்டுபிடித்த இடம் அது. 70 லட்சம் டாலர் வரும் என்று எதிர்பார்த்த ஏலம், சுமார் 5 கோடி டாலரைத் தொட்டது.

டெலிபோனில் கலந்துகொண்டு ஒரு வைர புரூச்சை எடுத்தவர் எலிசபெத் டெய்லர். 6 லட்சம் டாலர் சொச்சம். 1985-ல் அவர் நண்பர் ராக் ஹட்சன் எய்ட்ஸில் இறந்திருந்தார். நோயாளியின் கையைத் தொடவே ஹாலிவுட் பயந்த காலத்தில், இந்த நடிகை அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், நிதி திரட்டினார். அவர் இறந்த பிறகு, 2011 டிசம்பரில் கிறிஸ்டி நிறுவனம் அவருடைய நகைகளை விற்றபோது அதே புரூச் 13 லட்சம் டாலருக்குப் போனது. நகைகளைப் பார்க்க வந்தவர்களின் டிக்கெட் பணத்திலும் புத்தக விற்பனையிலும் ஒரு பங்கு அவர் ஆரம்பித்த எய்ட்ஸ் அறக்கட்டளைக்கு.

எல்லாம் சரி. ஆனால், கொஞ்சம் கவனியுங்கள். ராணி ஆக முடியாத சீமாட்டி, திரை நட்சத்திரம், உலகப் பாடகர் - இவர்கள் பெயருக்கு ஏற்கெனவே மார்க்கெட் இருந்தது. குயர் என்று ஆங்கிலத்திலும் பால்புதுமையினர் என்று இப்போது தமிழிலும் சொல்கிறோமே, அந்த மக்களைத் தெருவில் நின்று காப்பாற்றிய தலைவர்களின் நகைகள் எங்கே?

நியூயார்க்கில் மார்ஷா பி. ஜான்சன் இருந்தார். 1970-ல் தோழி சில்வியா ரிவேராவோடு சேர்ந்து, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க 'ஸ்டார்' என்று ஒரு அமைப்பைத் தொடங்கியவர். தலை நிறையப் பூ வைத்துக்கொள்வார். கழுத்தில் மலிவான மணிகள். 1992-ல் ஹட்சன் ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். அவர் நகைகளை எந்த ஏலக் கம்பெனியும் தேடியிருக்காது. 2020-ல் புரூக்ளினில் ஒரு பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். கணக்குக்கு வர 28 வருஷம்!

நம்ம சென்னைக்கு வருவோம். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவில் முதன்முதலாக ஹெச்.ஐ.வி. இருப்பதை இங்கே கண்டுபிடித்தார்கள். ஜெனிவாவில் ஏலம் நடந்த அதே 1987-ல் தனக்கும் அந்தக் கிருமி இருப்பதைத் தெரிந்துகொண்டவர் திருநங்கை நூரி. பிற்பாடு, பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு அமைப்பை நடத்தினார். பெற்றோரை இழந்த ஹெச்.ஐ.வி. குழந்தைகளுக்கு வீடு கொடுத்து அம்மாவானார். அமைப்பின் பெயர் எஸ்.ஐ.பி. என்ன தெரியுமா? செல்வி, இந்திரா, பழனி. எய்ட்ஸில் இறந்துபோன அவருடைய மூன்று நண்பர்கள். அவர்கள் விட்டுப்போன நகை எதுவும் இருந்ததா, தெரியாது. பெயர்கள் இருந்தன. அவற்றை உருக்காமல் வாசலில் எழுதி வைத்தார் நூரி.

★

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2005-ல் சித்ராபௌர்ணமித் திருவிழா பற்றி எழுத கூவாகம் போயிருந்தேன். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். முதல் நாள் இரவு கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து எறிந்து ஒப்பாரி வைக்கும் கூட்டம். என் நோட்டுப் புத்தகமும் பேனாவும், நல்ல காமெடி. ஒரு வேப்ப மரத்தடியில் ஏழெட்டுப் பேர் நடுவே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயசுக்கு மேல். வெள்ளைப் புடவை. காதில் சிவப்புக் கல் தோடு.

"தம்பி, நீ தஞ்சாவூர்ப் பக்கமா? உங்கப்பா பேர் என்ன?"

சொன்னேன்.

"மாமா நல்லா இருக்காரா?" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. பெரிய அத்தைக்கு ஒரு பிள்ளை, நான் தொட்டிலில் இருந்தபோதே 'காணாமல் போய்விட்டான்' என்று வீட்டில் சொல்வார்கள். பாம்பேயில் செத்துப்போனதாகவும் சொல்வார்கள். செத்துப்போனவர் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்து என்னைக் குடிக்கச் சொன்னார்.

அதன் பிறகு எட்டு வருஷம், அப்பப்போ போய்ப் பார்ப்பேன். வட சென்னையில் ஒரு சந்துக்குள் வீடு. 'அம்மா' என்று கூப்பிட இருபதுக்கும் மேற்பட்ட மகள்கள். கடை கேட்கப் போகிறவர்கள், சமையல் வேலைக்குப் போகிறவர்கள், டுடோரியலில் படிக்கிறவர்கள். ரேஷன் கார்டு இல்லை, பாங்க் பாஸ்புக் இல்லை. தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்ததே 2008-ல்தானே? அதுவரை கழுத்தில் கிடந்ததுதான் அவர்களுக்கு பாங்க், கையில் கிடந்ததுதான் இன்ஷூரன்ஸ்.

"ரெட்டை வடம் ஒருத்தி ஆபரேஷனுக்குப் போச்சு. ஆறு வளையல்ல ரெண்டு, ஆஸ்பத்திரியில கெடந்த பொண்ணுக்கு. இன்னும் ரெண்டு, அவளை எடுத்துப் போட. அடகுக் கடை சேட்டுக்கு என் நகை எல்லாம் மனப்பாடம்டா" என்று சிரிப்பார். ஒரு டெபிட், ஒரு கிரெடிட், அவ்வளவுதான். புலம்பல் கிடையாது.

"தோட்டை மட்டும் விக்கலையே?" என்று ஒருநாள் கேட்டேன்.

அத்தை அவரை ரகசியமாகப் பார்க்க வருவாராம். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில். அரை மணி நேரம். ஒருதரம் வந்தபோது, தன் காதிலிருந்து தோட்டைக் கழற்றி இவர் கையில் வைத்து மூடிவிட்டு பஸ் ஏறிவிட்டாராம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் அது 'மகாமகக் குளத்தில் தொலைந்த தோடு'. அத்தை அவ்வளவு அலட்சியமாக இருந்தாரே என்று என் அப்பா சாகும் வரை திட்டிக்கொண்டிருந்தார். 1998-ல் அத்தை இறந்தபோது, தோடு போட்ட அந்த மகள் தெருமுனையில் நின்று பாடை போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"உங்களைப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் புத்தி.

"எழுது. பேர் போடாதே. ஊர்ல படிப்பாங்க. அம்மா சொன்ன பொய் வெளியே வந்துடும்."

2013-ல் மூச்சுவிடச் சிரமப்பட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "வீட்டுக்குப் போகட்டும்டா" என்றார். நான் அதை வாங்கிக்கொண்டு வந்து லாக்கரில் வைத்தேன். அத்தை கொடுத்தது என்று மனைவியிடம் சொன்னேன். தோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அவரை நான் வீட்டுக்குள் விடவில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் எழுதுகிறவனின் லட்சணம் இது.

★

கடையிலிருந்து வந்த அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அவங்க பொண்ணுங்க இப்ப எங்கே இருக்காங்க?" என்றார்.

போன் போட்டேன். மூத்த மகள் சந்தோஷப்பட்டார். வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக, மறைந்துபோன தங்கள் குருமார்களின் நகைகளை விற்கப் போவதாகச் சொன்னார். ஒவ்வொரு நகையோடும் ஒரு அட்டை. யார் போட்டிருந்தது, அவர் யாருக்கு என்ன செய்தார் என்று நாலு வரி. "அம்மாவோடது ஒண்ணுகூட மிஞ்சலைண்ணே. எல்லாம் எங்களுக்கே செலவாயிடுச்சு. அம்மா பேர்ல வைக்க எதுவும் இல்லை" என்றார்.

தோடு இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்.

ஆனால், தோடு எங்கள் குடும்பத்து நகை. அம்மாவிடம் கேட்க வேண்டும். அம்மாவுக்கு 76 வயசு. கதையைச் சொல்லி முடித்ததும் முதலில் கேட்டது, "அப்போ நாத்தனார் தொலைக்கலையா?" என்பதுதான். பிறகு, "குடுத்துடு. ஆனா பேர் எல்லாம் எதுக்கு? சும்மா குடு" என்றார்.

அம்மாவிடம் குட்வில் பாடம் நடத்த முடியாது. "பேர் இல்லாம குடுத்தா அது வெறும் ஏழு கிராம்மா" என்று மட்டும் சொன்னேன். பதில் இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலைக் காபியின்போது, "அந்த அட்டையைக் கொண்டா" என்றார். கொண்டு வந்தேன். அத்தை பிள்ளைக்கு வீட்டில் வைத்த பெயரை எழுதுவதா, அவர் வைத்துக்கொண்ட பெயரையா என்று நான் பேனாவோடு தயங்கினேன்.

"அது என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்கும்?" என்றார் அம்மா. சொன்னேன். "அதை எழுது. கீழே, என் நாத்தனார் பொண்ணுன்னு எழுது."

விற்பனை ஒரு சின்ன ஹாலில் நடந்தது. வெல்வெட், ஸ்பாட் லைட் எல்லாம் இல்லை. இரண்டு மேஜைகளை ஒட்டிப் போட்டு மேலே புடவை விரித்திருந்தார்கள். ஒற்றை மூக்குத்தி, வெள்ளிக் கொலுசு, தேய்ந்த மெட்டி. கூட்டம் ஐம்பது பேர் இருக்கும். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், சில டீச்சர்கள், ஒரு ரிட்டயர்டு பாங்க் மேனேஜர். எனக்கு ஆச்சரியம் தந்தது ஒரு கவரிங் வளையல்தான். செம்பு தெரிந்தது. தங்க வளையலை அடகு வைத்துவிட்டு, மகள்களுக்குத் தெரியக் கூடாது என்று ஒரு குரு இதை வாங்கிப் போட்டுக்கொண்டாராம். அட்டையைப் படித்துவிட்டு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். உருக்கினால் நயா பைசா தேறாது. பக்கத்தில் இருந்த நிஜ வெள்ளிக் கொலுசைவிட அதிக விலைக்குப் போனது.

தோட்டை அந்த பாங்க் மேனேஜர் அம்மாள் எடுத்தார். கடைத் தம்பி சொன்ன தொகையைப்போல இரண்டு பங்கு. அட்டையும் சேர்த்துத்தானே தருவீர்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அட்டையில் இருந்த பெயரை நான் இங்கே எழுதவில்லை. வேப்ப மரத்தடியில் வாக்கு கொடுத்திருக்கிறேன். ஆனால், சென்னையில் ஒரு வீட்டு பீரோவில் அது இருக்கிறது. அம்மா சொன்ன உறவு முறையோடு.

அன்றைக்கு ராத்திரி அம்மா கேட்டார்: "நாத்தனார் பொண்ணு நல்லா வித்துச்சா?"

தோடு என்று சொல்ல மறந்திருப்பார் என்று நினைத்தேன். இல்லை என்றும் தோன்றுகிறது.